நான் வெட்டிவிட்ட அழைப்பு

இந்தப் பாலைவன தேசத்திலும் நம்மை ஒரு குடும்பமாய்க் கூட்டி வைத்திருக்கிற ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் அப்பா அம்மாவைக் காஷ்மீருக்கு அனுப்பினது நான்தான். "எனக்கெதுக்குட்டி பனி? ஏசிய கூட்டி வச்சா போதாதா?" என்று அப்பா எவ்வளவோ சொன்னார்கள். நான் விடவில்லை. அவர்களுடைய கல்யாண நாளுக்கு என் பரிசு அது.

அன்றைக்குக் காலையில் ஹோட்டல் வைஃபையிலிருந்து அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "இன்னிக்குக் குதிரையில ஏறி மேல புல்வெளிக்குப் போறோம்ட்டி." மதியம் துபாய் கராமாவில் என் ஆபீஸில் பக்கத்துச் சீட்டுப் பெண் தன் போனை என்னிடம் நீட்டினாள். சுற்றுலா வந்தவர்களைத் தீவிரவாதிகள் சுட்டுவிட்டார்கள். அதே புல்வெளி.

உடனே என் போனை எடுத்தேன். அம்மாவுக்கு அடித்தால் போகவில்லை. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாதாம். ஹோட்டலிலும் யாரும் எடுக்கவில்லை.

என் கணவர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு அஜ்மானில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கிளம்பினார். ஷார்ஜா ரோடு டிராஃபிக் உங்களுக்கே தெரியும். நடுவில் தெரியாத இந்திய எண் ஒன்று வந்தது. போலீஸ் என்பான், பேங்க் என்பான், கடைசியில் ஓடிபி கேட்பான். நமக்கு இது தினப்படித் தொல்லை. வெட்டிவிட்டேன். மறுபடி வந்தது, மறுபடி வெட்டினேன். அந்த நேரம் கர்த்தரோடு எனக்கு ஒரே சண்டை. "வாரம் தவறாமல் ஆராதனைக்கு வந்தேனே, இதற்குத்தானா?" என்று வண்டிக்குள்ளேயே கத்தினேன்.

வீட்டு வாசலில் சேதி கேட்டு நம் ஜெபக்குழு நின்றிருந்தது. குழுவை நடத்துகிற ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஜெபம் தொடங்கினால் போனெல்லாம் சைலண்டில், மேஜைமேல். "ஹோட்டலுக்கு உன் வீட்டுக்காரர் அடிக்கட்டும். நீ முழங்கால் போடு," என்றார்.

போட்டேன். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. "உயிரோடு தாரும் ஆண்டவரே" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பயம் போகவில்லை. ஆனால் யாரோ என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

அப்போது மேஜைமேல் என் போன் மின்னியது. அதே எண். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். சத்தமாய் ஜெபித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா பாதியில் நிறுத்தினார்.

"எடு பிள்ள. ஆமென் பொறவு சொல்லிக்கிடலாம்."

எடுத்தேன்.

"ஏட்டி! எத்தனை தடவ அடிக்க? வெட்டி வெட்டி விடுதியே!"

அம்மா! திட்டுகிற அம்மா. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

குதிரையைப் பார்த்ததும் அப்பா ஏறமாட்டேன் என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். அம்மாவும் கூடவே இருந்துவிட்டார்கள். மேலே சுடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்களைக் கூட்டி வந்த டாக்ஸி டிரைவர் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு நேரே தன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே நெட் கிடையாது. தன் போனில் ஐ.எஸ்.டி. போட்டு அம்மா கையில் கொடுத்தவரும் அவர்தான்.

பிறகு அவரே பேசினார். "டரோ மத், பெஹன். ஏ மேரே மா பாப் ஹை." பயப்படாதே, இவர்கள் என் அப்பா அம்மா என்கிறார். துபாய் கற்றுத்தந்த இந்தி எனக்கு அதற்குப் போதும். அவர் மனைவியும் அந்நேரம் தொழுகைப் பாயில் இருந்தாராம். இப்போது ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த அண்ணனுக்கு முதலில் வாழ்த்துச் சொல்லுவது நான்தான்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அன்றைக்குச் சிலர் வீடு திரும்பவில்லை. அவர்களுக்காகவும் யாரோ ஜெபித்திருப்பார்கள். என் வீட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கிருபை? எனக்குத் தெரியாது. நான் நல்லவள் என்பதால் இல்லை, அது மட்டும் நிச்சயம். அந்த வீடுகளுக்காக ஜெபிக்காமல் இப்போது என் ஜெபம் முடிவதில்லை.

பிரியமானவர்களே, இன்றைக்குப் பயந்துபோய் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தைரியமாய் அவரை நம்புங்கள். சண்டை போடவேண்டுமா, அவரிடமே போடுங்கள், தாங்கிக்கொள்வார். நான் முழங்கால் போடுவதற்கு முன்னாலேயே அவர் பதில் அனுப்பிவிட்டார். எடுக்காதது நான்தான்.