சிவப்புத் துணியும் சுரங்கப்பாதையும்

எங்கள் பக்கத்தில் அபூதாஹிர் காக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. காலையில் நகரத்துக்குள் போகிற எவரும் கரையோர வீதியில் அவருக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும்.

கடலில் போட்ட கரைவலையை இழுப்பவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடப்பார்கள். எங்கள் கடற்கரையில் அதற்கு இடம் போதாது. கொஞ்சம் நடந்தால் வீதி வந்துவிடும். அதையும் தாண்டி எதிர்ப்புற மதிலடிவரை கயிறு போகும். அந்த நேரம் வாகனங்களை மறிப்பதுதான் காக்காவின் வேலை. இடது கையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு தடி. அதைத் தூக்கினால் துறைமுகத்துக்குப் போகிற பெரிய லொறியும் நிற்கும், கிண்ணியா பஸ்ஸும் நிற்கும், என் ஸ்கூட்டியும் நிற்கும். ஊருக்குள் சுற்றித் திரிகிற மான்கள் மட்டும் தங்கள் பாட்டில் போகும். கந்தோருக்குப் பிந்திப் போனால் என் மேலதிகாரி காரணம் கேட்பதை விட்டுவிட்டார். "வலையா?" என்று மட்டும் கேட்பார்.

காக்காவின் அந்த நிமிர்வைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹோர்ன் அடித்தால் திரும்பியும் பார்க்கமாட்டார். கவர்னரே வந்தாலும் கயிறு போன பிறகுதான் என்பதுபோல நிற்பார்.

அவரும் முன்பு கயிறு இழுத்தவர்தான். ஒருநாள் வலை பாறையில் சிக்கி, எல்லோரும் சேர்ந்து இழுத்தபோது வலது தோள்மூட்டு விலகிவிட்டது. ஆஸ்பத்திரி, எண்ணெய், ஒத்தடம் எல்லாம் பார்த்தார்கள். கை பழையபடி வரவில்லை. பாரம் இழுக்க ஏலாது என்று ஆனது. கரைவலையில் வேலை செய்தவனுக்குத்தான் மீனில் பங்கு. காக்கா வீட்டோடு இருந்துவிட்டார். அப்போதுதான் வலையின் சொந்தக்காரர் இராசையா அண்ணர் அந்தத் துணியோடு அவர் வீட்டுக்கு வந்தார். வாகனம் மறிக்க ஒரு ஆள் அவசரமாகத் தேவை, வேறு ஒருவரையும் நம்ப முடியாது என்றார். அன்றிலிருந்து காக்காவுக்கு முழுப் பங்கு. அதை வாங்கும்போது அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் வீதித் திட்டக்காரர்கள் வந்தார்கள். நகர நெரிசலைத் தீர்ப்பதற்குப் பெரிய திட்டம். உள்வீதிகளை அகலமாக்குவது, மலைக்குக் கீழே குடைந்து துறைமுகத்துக்குச் சுரங்கப்பாதை போடுவது, இப்படி. அவர்களிடம் ஒரு வரைபடம் இருந்தது. நெரிசலான இடமெல்லாம் அதில் சிவப்பு. கரையோர வீதியில் ஏன் இந்தச் சிவப்பு என்று பார்க்க கௌசிகா என்ற இளம் இஞ்சினியர் நேரில் வந்தார். வந்து பார்த்தால், நடு வீதியில் தடியோடு காக்கா. அந்தப் பிள்ளை சிரித்துவிட்டது. காக்காவும் சிரித்தார். இஞ்சினியர் தன்னைத் தேடி வந்ததாக அன்று றஹ்மா ராத்தாவிடம் பெருமையாகச் சொன்னாராம். றஹ்மா ராத்தா அவர் மனைவி. எங்களுக்கு அடுத்த வீடு.

பிறகு பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கௌசிகா திரையில் படம் போட்டுக் காட்டினார். சுரங்கப்பாதை மலையோடு முடியாது. கரைவலை இழுக்கும் இடத்திலும் வீதி நிலத்துக்குக் கீழேதான் போகும். மேலே கடலில் இருந்து மதில்வரை வெறும் மணல். வலைக்காரர்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்?

கௌசிகா காக்காவைக் கண்டுபிடித்து, "ஐயா, இனி நீங்கள் வெயிலில் நிற்கத் தேவையில்லை," என்றார். பிள்ளை நல்ல மனதோடுதான் சொன்னது.

காக்கா மெல்ல எழும்பினார்.

"அப்ப நான் எங்க புள்ள நிக்கிற?"

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நின்றபடியே இராசையா அண்ணரைப் பார்த்தார். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று அண்ணருக்குத் தெரிந்துவிட்டது. பாவம், ஆறுதல் சொல்லத்தான் எழும்பினார்.

"தாஹிர், உன்ர பங்குக்கு ஒண்டும் நடக்காது. கயிறைக் கண்டா வாகனம் தானா நிக்கும், அதுக்கு ஆள் வேணுமே? சும்மா பங்கு தந்தா நீ வாங்கமாட்டாய் எண்டுதான் அந்தத் துணியைத் தந்தனான். சுரங்கம் வந்தாலும் நீ வா, சும்மா இரு, பங்கு வரும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. காக்கா கதிரையில் உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை நிமிரவே இல்லை. எனக்கு அண்ணர் மேல் கோபம் கோபமாக வந்தது. அவரைக் கோபிக்கவும் முடியவில்லை.

அன்று காக்கா வீட்டில் சாப்பிடவில்லையாம். "பங்கு இரிக்கிதானே, பிறகென்ன?" என்று ராத்தா கேட்டதற்கு, "ஓம், இரிக்கி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாராம்.

அடுத்த நாள் காலை வழமைபோல நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கிண்ணியா பஸ். காக்கா தடியைத் தூக்கவில்லை. கீழே பிடித்தபடி பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிறு வீதிக்கு ஏறியதும் பஸ் தானாக நின்றது. பின்னால் வந்த லொறியும் நின்றது.

காக்கா தடியை வீதியோர மின்கம்பத்தில் சாய்த்துக் கட்டினார். எதிர்ப்புற மதிலடியில் வலைக்காரப் பொடியன் பிரகலாதன் குந்தியிருந்து, வருகிற கயிற்றைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அதற்குத் தோள் பலம் வேண்டாம். ஆனால் உப்பும் மணலும் ஏறிய கயிறு உள்ளங்கையைத் தின்றுவிடும். ஒருவருக்கும் விருப்பமில்லாத வேலை.

"எழும்பு. நீ போய் இழு," என்றார் காக்கா.

பிரகலாதன் அண்ணரைப் பார்த்தான். அண்ணர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் எழும்பிப் போனான்.

சுரங்கப்பாதை இன்னும் படத்தில்தான் இருக்கிறது. வருமோ வராதோ, நான் இப்போதும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். காக்கா கயிறு சுருட்டிய அன்று மத்தியானம் நடந்ததை ராத்தா சொல்லி எனக்குத் தெரியும். காக்கா பங்கு மீனைக் குசினியில் வைத்தபோது பையெல்லாம் இரத்தக் கறை. ராத்தா பதறி அவர் கைகளை விரித்துப் பார்த்தாராம். இரண்டு உள்ளங்கையும் உரிந்து போயிருந்தன.

"அல்லாஹ், என்ன இது? என்ன செஞ்சீங்க?"

"வேல செஞ்சனான்," என்றாராம் காக்கா.