அத்தை நக்கிப் பார்த்த வண்டி

நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் அத்தை ஒடுகத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். அப்போது வேர்க்கடலை பிடுங்கும் காலம். பிடுங்கி, காயவைத்து, மூட்டை கட்டியாயிற்று; அவளுடைய பை எங்கள் வீட்டு ஆணியிலேயே தொங்கியது. நாலு நாள் என்பது இவ்வளவு நீளமா என்று எனக்குக் குழப்பம். கணக்கில் நான் மந்தம் என்பதால் யாரையும் கேட்கவில்லை.

ஆம்பூரில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு அப்பாவின் பழைய பிக்கப் வேன் நின்றது. உப்புத் தடவிய பச்சைத் தோல்களைத் தோல் பதனிடும் ஷாப்புக்கு ஏற்றிப்போய் ஏற்றிப்போய், அதன் நாற்றமும் எங்கள் சட்டை நாற்றமும் ஒன்றாகிவிட்டிருந்தன. இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. அப்பா வண்டியை எடைக்குப் போட இரும்புக் கடைக்காரனைக் கூப்பிடப் போனார். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

“எனக்குக் குடுண்ணா. பேட்டரியில ஓட்றேன்.”

அத்தை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள். கல்யாணமானதும் அந்தப் படிப்பு டிரங்குப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

அப்பா வெகுநேரம் டயரை உதைத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “பொங்கல் வரிக்கும் பாரு. ஓடிச்சினா இங்கயே இரு, தோல் ஏத்தி சம்பாரி. ஓடலன்னா பேசாம மாப்ள வீட்டுக்குப் போய்டணும்.”

வண்டி ஓடாவிட்டால் அத்தை ஏன் மாமா வீட்டுக்குப் போகவேண்டும்? எங்கள் வீட்டு மிக்ஸிகூடத்தான் ஓடவில்லை. அதற்காக அம்மாவை யாரும் எங்கேயும் அனுப்பவில்லையே.

மேல்விஷாரத்துத் தோல் ஷாப் பாய் ஒருவர், மூலையில் கிடந்த, பேட்டரியில் ஓடிப் பாரம் தூக்கும் பழைய ஃபோர்க்லிஃப்டின் மோட்டாரையும் பேட்டரிகளையும் கொடுத்தார். “எடுத்துக்கோமா, பேஜார் புடிச்சது, இடத்த அடைச்சிக்கினு கெடக்குது.” வேப்பமரத்தில் சங்கிலி போட்டு இன்ஜினைத் தூக்கி இறக்கினார்கள். அந்தக் குழியில் மோட்டார் உட்கார்ந்தது. பின்பக்கப் பலகைகள்மேல் பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்தன. ஒரு சாயங்காலம் வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லை. மரமும் சுவரும்தான் பின்னால் போகின்றன என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பேட்டரி காலி. மறுபடி சார்ஜ் போட்டாள். விடிந்தால் காலி.

பழைய பேட்டரி, அப்படித்தான் என்றார் அப்பா. அம்மா திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டினாள். கரண்டு சிந்திக் கிடக்கிறதா என்று நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். காய்ந்த இலைகள் மட்டும் இருந்தன.

“ஏம்மே, கட்னவன் கூட இருக்க முடியல, கரண்ட மட்டும் புடிச்சி வெச்சிக்கப் போறியா?” என்றாள் அம்மா. அத்தை வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மார்கழி வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆடுகள் எங்கள் வண்டியை நக்குவது பழைய வழக்கம். பனி இறங்கிய ஒரு காலையில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஒரு ஆடு முன்னங்கால்களை இரும்புச் சட்டத்தில் ஊன்றிப் பலகையில் நாக்கை வைத்தது. வைத்த வேகத்தில் கத்திக்கொண்டு துள்ளி விழுந்து, தெருமுனைவரை ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தது.

அத்தை எல்லா வயரையும் கழற்றினாள். ஈரப் பலகையில் விரலைத் தேய்த்தாள். நக்கினாள். இன்னொரு தடவை நக்கினாள். பிறகு சிரித்தாள், நிறுத்தவே முடியாமல்.

“வண்டிய நக்குறா பாருங்க! மாப்ள வந்தா நாம இன்னா பதில் சொல்றது?” என்று அம்மா அலறினாள்.

“உப்புண்ணா! தோல்லேந்து வருஷக்கணக்கா எறங்குன உப்பு. பலகையெல்லாம் குடிச்சி வெச்சிருக்குது. பனி பட்டதும் ராவெல்லாம் கரண்ட அதுதான் தின்னுது.”

அத்தனை வருஷம் அந்த உப்பை முதுகில் சுமந்த அப்பா, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பலகைகளைப் பெயர்த்துப் போட்டாள். ஷூ கம்பெனியில் அடிப்பாகம் வெட்டி எடுத்தபின் மிஞ்சும் ரப்பர் ஷீட்டுகளை வாங்கிவந்து அடுக்கடுக்காக விரித்தாள். ஷீட் முழுக்கப் பாத வடிவத்தில் ஓட்டைகள். யாரோ எழுந்து நடந்து வெளியே போய்விட்டதைப்போல. அதன்மேல் பேட்டரிகளை ஏற்றினாள். மறுநாள் கரண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. வண்டி தோல் ஏற்றிக்கொண்டு ஷாப்புக்குப் போய் வந்தது. அப்பா சைக்கிளில் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

போகிக்கு முந்தின நாள் மாமா வந்தார். “வண்டி ஓடுது, சரி. ஊட்டுக்குக் கெளம்பு” என்றார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள்.

“நேர்ல வந்து கூப்புட்றாரும்மா,” என்றார் அப்பா, தரையைப் பார்த்து. “அது வேற, இது வேற.”

எது வேறு, எது வேறு? எனக்குத் தலை சுற்றியது. அம்மா பையை ஆணியிலிருந்து எடுத்து, அத்தைக்குக் குங்குமம் வைத்துவிட்டாள்.

“வாங்க, பஸ் ஸ்டாண்டு வரிக்கும் இதுலயே போலாம்,” என்றாள் அத்தை மாமாவிடம். வண்டி சத்தமில்லாமல் தெருமுனை திரும்பியது. யார் திருப்பி ஓட்டிக்கொண்டு வருவார்கள் என்று யாருக்குமே தோன்றவில்லை.

வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். இந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது என்பது மறந்தே போயிருந்தது. வீட்டுக்குள் ஏதோ அரவம் கேட்டுத் திரும்பினால், அத்தை பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

“இன்னா அத்தே, பஸ் ஏற மறந்துட்டியா?”

“ஆமாண்டி. மறதி ஜாஸ்தியாய்டுச்சி எனக்கு.”

அம்மா உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டாள். அப்பா வெளியே போய், நன்றாக இருந்த டயரையே உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவம், இந்த வயதிலேயே இவ்வளவு மறதியா என்று எனக்கு ரொம்ப நாள் கவலை. அடுத்த தடவை மாமா வந்தால் நானும் கூடவே போய், அத்தையைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அப்புறம் வரவில்லை. அவருக்கும் மறதிதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.