அண்ணி பிரித்து வைத்த கட்டைகள்

என் மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குத்தான் எங்கள் வீட்டுக்கு முதல் விண்கலம் வந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் கொழுந்தன் வாங்கி வந்தான். முன்பெல்லாம் மனதுக்குள்கூட அவனை ‘அவர்’ என்றுதான் நினைப்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவன்’ என்றே வருகிறது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டிக்குள் நம்பர் போட்ட பொட்டலங்கள் இருந்தன. உள்ளே நகத்தளவிலிருந்து சுண்டுவிரல் நீளம்வரை, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கட்டைகள். கூடவே ஒரு புத்தகம், அதில் பேருக்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது, முழுக்கப் படங்கள்தான். மகள் இரண்டு பொட்டலம் கட்டிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். தரையில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கி வைக்கத்தான் நான் உட்கார்ந்தேன். அன்று கடைக்குச் சாப்பாடு கொண்டுபோக மறந்துபோனேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்களுக்கு மருந்துக்கடை. மருந்தாளுநர் படிப்பு படித்தவள் நான்தான், லைசென்ஸ் என் பேரில்தான் இருக்கிறது. போர்டில் மாமனார் பேர். அதையெல்லாம் அப்போது நான் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கொழுந்தன் ஒரு செட் கொண்டுவருவான். போதாமல் நானே போனில் ஆர்டர் போட ஆரம்பித்தேன். கேட்டால் பாப்பாவுக்கு என்பேன். பாப்பாவுக்குப் பதினைந்து வயதாகியும் அதையேதான் சொன்னேன். யாரோ கட்டி அலுத்துப்போய் விற்ற பழைய செட்டுகளையும் வாங்கினேன். சாம்பல் நிற உடம்பும் மஞ்சள் கண்ணாடியுமாக, மூக்கு உடைந்த, வெயில் பட்டு வெள்ளை பழுப்பாகிப்போன கலங்கள். அவற்றைக் கழுவி நிழலில் காயவைத்துப் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி வைப்பேன். கடையில் காலியாகும் மாத்திரை டப்பாக்களில்தான் கட்டைகளை வகை பிரித்து வைத்திருந்தேன். சாய்வு ஒரு டப்பா, கீல் ஒரு டப்பா, கண்ணாடி ஒரு டப்பா. மத்தியானம் கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் வீட்டுப் பின்அறையில், மருந்துக் கார்ட்டன்களுக்கு நடுவில் என் வேலை நடக்கும். என் கணவர் அதைக் கண்டும் காணாமல் இருந்தார். மற்றவர்களின் மனைவிகள் சீரியல் பார்க்கிற மாதிரி இது ஒன்று என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

மகளின் பள்ளியிலிருந்து ஒருமுறை கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு வந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. என் புகுந்த வீட்டில் எல்லோரும் கோட்டைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஆனால் உள்ளே போய்ப் பல வருஷம் ஆனவர்கள். பனமலையிலிருந்து வாக்கப்பட்டு வந்த நான் அன்றுதான் நெற்களஞ்சியத்துக்குள் நின்றேன். வெளியே அனல், உள்ளே குளிர். அவ்வளவு தடிமனான சுவர், தலைக்கு மேலே கவிந்த கூரை. பூமியில் மிச்சமிருக்கும் விதையை எல்லாம் ஏற்றிக்கொண்டு வேறொரு கிரகத்துக்குப் போவதானால் அந்தக் கப்பலின் வயிறு இப்படித்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகள் வரிசையில் போய்விட்டார்கள். டீச்சர் திரும்பி வந்து என்னைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அந்தக் கப்பலை நானே கட்ட ஆரம்பித்தேன். அதற்குப் புத்தகம் கிடையாது. பதினோரு மாதம் ஆனது. கூரைதான் என்னைப் படுத்தி எடுத்தது. கட்டை வளையாது, வளைகிற மாதிரி அடுக்கினால் நடுவில் இடிந்து விழும். ஒருநாள் கடையில் மாத்திரை அட்டையைக் கிழிக்கும்போது அது புள்ளிக்கோட்டில் மடங்குவதைப் பார்த்தேன். கூரையைப் பட்டை பட்டையாகக் கட்டிக் கீல் வைத்து இணைத்து, உள்ளே ஒரு விலா எலும்பு கொடுத்தேன். நின்றது. கப்பலின் வயிற்றில் நெல்லாகச் சின்னச் சின்ன மஞ்சள் வட்டக்கட்டைகளைக் கொட்டி நிரப்பினேன். பிரசவத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

பொங்கலுக்கு வந்த கொழுந்தன் அதைப் பார்த்து, அது கோட்டைக் களஞ்சியம் என்று நான் சொன்னதும் அப்படியே நின்றான். சென்னையில் இந்தக் கட்டைகளைக் கட்டும் பெரியவர்கள் சேர்ந்து கண்காட்சி நடத்துகிறார்கள், அங்கே வைக்கலாம் என்றான். நான் அதைக் கழற்றாமல், கடையிலிருந்த பஞ்சு ரோல்களைச் சுற்றி, சலைன் பாட்டில் வந்த கார்ட்டனில் வைத்துக் கட்டிக்கொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான்.

“அண்ணி, பேர் போட ஒரு கார்டு வெப்பாங்க. இன்னா போடட்டும்?”

“என் பேர்லாம் வேணாம் தம்பி. கடைக்கு வர்றவங்க பாத்தா சிரிப்பாங்க.”

நான்தான் சொன்னேன். அதை மறைக்கப்போவதில்லை.

கண்காட்சி முடிந்த வாரம் என் கணவர் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கப்பலுக்குப் பின்னால் கொழுந்தன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். முதல் பரிசு. படத்துக்குக் கீழே, சின்ன வயதில் செஞ்சிக் கோட்டையில் விளையாடிய நினைவில்தான் களஞ்சியத்தைக் கப்பலாக்கினேன் என்று அவன் சொன்னதாகப் போட்டிருந்தது. நான் அதை மூன்று முறை படித்தேன். கப்பலை எடுத்துக்கொண்டது ஒரு பக்கம். களஞ்சியத்துக்குள் நான் நின்ற அந்த ஐந்து நிமிஷத்தையும் அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

என் கணவர் அந்தத் துண்டைக் கத்தரித்துக் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அந்தக் கண்ணாடியின் மேலேயே நான் மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். சிங்கவரத்திலிருந்து வாராவாரம் சுகர் மாத்திரைக்கு வரும் ஒரு பெரியவர், உன் கொழுந்தனுக்குக் கைவேலை நல்லா வருதும்மா என்றார். ஆமாங்க என்றேன். அன்று மத்தியானம் துண்டை எடுத்துவிட்டேன். சாயங்காலம் அது அதே இடத்தில் இருந்தது. எடுத்தது யார் என்று என் கணவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

ஆடி மாதம் கொழுந்தன் ஊருக்கு வந்தான். இதுவரை நான் கட்டியதிலேயே பெரிய செட்டைவிடப் பெரிய பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். உங்களுக்குத்தான் அண்ணி என்றான். முதல்முறையாகப் பாப்பா பேரைச் சொல்லாமல் எனக்கென்று கொடுத்தான். அதிலிருந்தே தன் தப்பு அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் சாப்பிட்டுக் கைகழுவி வரும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“நீங்கதான அண்ணி பேர் வேணாம்னீங்க” என்றான்.

“என் பேர் வேணாம்னேன் தம்பி. உங்க பேரைப் போட்டுக்கங்கன்னு சொல்லல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கார்டில் ஏதாவது ஒரு பேர் எழுதியே ஆகவேண்டும் என்றார்களாம். அப்புறம் பரிசு என்று கூப்பிட்டுவிட்டார்களாம். பத்திரிகைக்காரர் கேள்வி கேட்டபோது ஏதோ வாயில் வந்துவிட்டதாம். சொல்லிக்கொண்டே போனான். என் கணவர் நடுவில் புகுந்தார்.

“வெளி ஆளா எடுத்துக்கினான்? நம்ம வூட்டுக்குள்ளதான இருக்குது. இதுக்குப் போயி இன்னா டென்ஷன்?”

அப்போது மகள் அறையிலிருந்து வந்து, அது அம்மா கட்டினது என்று சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை. அவளைப் போய்ப் படிக்கச் சொன்னார்கள். அவள் போகும்போது என்னைப் பார்த்த பார்வை, நீ ஏன் இன்னும் சும்மா நிற்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் கொழுந்தனைப் பார்த்து, இன்டர்நெட்டில் உங்கள் பக்கத்தில் உண்மையை எழுதுங்கள், அது போதும் என்றேன். சரி அண்ணி, கண்டிப்பா என்றான்.

எழுதினான். சென்னைக்குத் திரும்பிய மறுநாளே தன் பக்கத்தில் கப்பலின் படத்தைப் போட்டு நீளமாக எழுதினான். கடைசி வரியில் நான் இருந்தேன். ‘பொறுமையாகக் கட்டைகளை நிறவாரியாகப் பிரித்து வைத்து உதவிய என் அண்ணிக்கு நன்றி.’ அதற்குக் கீழே, இப்படி ஓர் அண்ணி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். என் கணவர் போனை என்னிடம் நீட்டி, போட்டுட்டான் பாத்தியா, இப்ப திருப்தியா என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பின்அறைக்குப் போய் வேலை இருப்பதுபோல் டப்பாக்களை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன். அவன் கொடுத்த பெட்டியைப் பிரிக்காமல் குழந்தை உள்ள ஒரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

கப்பல் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் வந்தால் உடைந்துவிடும் என்று ஒருமுறை, இன்னொரு கண்காட்சி இருக்கிறது என்று ஒருமுறை. நானும் கேட்பதை விட்டேன்.

இந்த வருஷம் கொழுந்தன் சென்னையில் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டான். போகாமல் இருக்க முடியாது. ஹாலில் நுழைந்ததும் கண்ணாடி அலமாரி, அதற்குள் விளக்கு போட்டு என் கப்பல். கிட்டே போய்ப் பார்த்தேன். எப்போதோ விழுந்திருக்கிறது. கூரையைத் திரும்பக் கட்டியவன் விலா எலும்பைத் தலைகீழாக மாட்டியிருந்தான். நடுவில் ஒரு பக்கம் லேசாகத் தொய்ந்திருந்தது. இரண்டு நிமிஷ வேலை. கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

அவனோடு வேலை பார்க்கும் ஒருவர் அலமாரி முன்னால் நின்று, கட்டை வளையாதே, பிறகு கூரை எப்படி வளைந்து நிற்கிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. கண்காட்சியில்கூட யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். கொழுந்தன் கீல் என்று ஆரம்பித்து, அதற்கு மேல் தெரியாமல் என்னைப் பார்த்தான். பதில் என் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதுதான் எனக்கு வெட்கம். கையிலிருந்த ஜூஸைக் குடித்தேன். அவன் ஏதோ உளறிவிட்டு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டான்.

மத்தியானமே பஸ் ஏறினோம். திண்டிவனத்தில் பஸ் செஞ்சி ரோட்டில் திரும்பியதும் என் கணவர் சொன்னார்.

“நீ சொல்லியிருக்கலாம்ல. அத்தினி பேர் முன்னாடி அவன் முழிச்சான், பாவம்.”

“எனக்கு மறந்துபோச்சுங்க” என்றேன்.

அவர் உடனே நம்பிவிட்டார்.