புருஷன் பேரைக் கூப்பிட்ட ஞானம்மாள்

ஞானம்மாள் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவள் எங்கள் உபதேசியாரின் மனைவி. நான் அந்த வாரத்து அரிசிக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். "காய்ச்சலாம்மா. விடியக்காலம் அடங்கிட்டா. பாவம், அவளுக்கு விடுதலை," என்றாள். மரணச் செய்தி கேட்டு அழுகை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். விடுதலை என்ற சொல்லைக் கேட்டதும் அருவருப்புத்தான் முதலில் வந்தது.

நம் சபையில் அநேகர் அவளை அறிவீர்கள். அடக்கத்தன்று அவளைப் புண்ணியவதி என்றீர்கள். அதற்கு முன்பு சொன்னவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். ஆகையால் இதை இனிப்பாக எழுத எனக்கு வரவில்லை.

லுணுகலைப் பாதையில் உள்ள எங்கள் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் அவள் குடியிருந்தாள். அவள் புருஷன் யாக்கோபு புதுக்காடு வெட்டப் போன இடத்தில் முறிந்த கிளை ஒன்று தலையில் விழுந்தது. காயம் ஆறியது. ஆள் பழையபடி ஆகவில்லை. காலையில் சொன்னது மத்தியானம் நினைவில் நிற்காது. ஒருவரிடமும் அதிர்ந்து பேசாதவர் வாயில் கேட்கக் கூசும் வசவெல்லாம் வந்தது. மருந்துக்காரர் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சே, இன்னும் என்ன நடிப்பு?" என்றார். கங்காணி வேலைப் பேரேட்டிலிருந்து அவர் பேரை வெட்டிவிட்டார். உபதேசியாரோ, மறைவான பாவம் ஏதும் உண்டா என்று அவளைத் தனியாக அழைத்துக் கேட்டார். ராத்திரி உன் புருஷன் தூங்குகிறாரா, நீ தூங்குகிறாயா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் நானும் உபதேசியாரின் மனைவியும் அவர்கள் அறைக்குப் போயிருந்தோம். அந்த அம்மாள் உட்காருவதற்கு முன்பே தண்ணீர்க் குடத்தை மூலைக்கு நகர்த்தி, பாயைச் சுருட்டி, புத்தி சொல்லத் தொடங்கினாள். யாக்கோபு உள்ளே வந்தார். குடம் இருந்த இடத்தைப் பார்த்து மிரண்டு, "கத்தி! கத்தி!" என்று கத்தினார். அந்த அம்மாள் வெளியே ஓடிவிட்டாள். ஞானம்மாள் குடத்தைப் பழைய இடத்தில் வைத்து, தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தார். "கேக்கிறதுதான் கத்தி, வேணுங்கிறது தண்ணி. மொகத்தப் பாத்தா தெரியாதாம்மா?" என்று சிரித்தாள். "ஒரு சாமான் எடம் மாறினா அவருக்கு ஊரே மாறின மாதிரி." ஓடிப்போனவள் அந்த வாசலை அப்புறம் மிதிக்கவில்லை. கொலைகாரன் என்று மட்டும் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள்.

விடியலில் தப்புப் பறை அடித்ததும் யாக்கோபு எழுந்து, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்துக்குப் போய் வரிசையில் நிற்பார். பேர் வெட்டுப்பட்டது அவருக்கு நினைவில் தங்காது. எல்லாரும் மலைக்கு ஏறிய பிறகும் மழையில் அப்படியே நிற்பார். பேர் கூப்பிடாமல் போகமாட்டார், இழுத்தால் அடிப்பார்.

"பேர மட்டும் கூப்பிடுங்க ஐயா. சம்பளம் வேணாம்," என்று ஞானம்மாள் கங்காணியிடம் கெஞ்சினாள்.

"இன்னிக்குப் பேரு கேப்ப, நாளைக்கு அரிசி கேப்ப. போ போ. வேணும்னா நீயே கூப்பிட்டுக்க," என்றார் கங்காணி. களமே சிரித்தது. பெண்பிள்ளை புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டாள் என்ற தைரியம்தானே அவருக்கு!

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தின் முன்னால் போய் நின்று, "யாக்கோபு!" என்று கூப்பிட்டாள்.

"வந்தேங்க!" என்றார் அவர்.

"இன்னிக்கு உங்களுக்கு லயத்துல வெறகு வேலை. வாங்க."

பின்னாலேயே நடந்து வந்துவிட்டார். அன்றுமுதல் தினமும் அப்படித்தான். விறகு நிஜமாகவே இருக்கும், அவரும் நிஜமாகவே பிளப்பார். பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று லயத்துப் பெண்கள் துப்பினார்கள். சபைப் பெண்களாகிய நாம் மட்டும் என்ன? ஆராதனையில் அவள் பக்கத்தில் உட்காராமல் பாயை நகர்த்திப் போட்டவர்கள் இதை வாசிக்கும்போது தங்களை அறிந்துகொள்ளட்டும்.

யாக்கோபின் தாய் ஊரில் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. சொல்லாதே, மறந்துபோகிறவனுக்கு எதற்கு என்றார்கள். அவர் தாயைக் கேட்டபோதெல்லாம் ஞானம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக அழுதார். இது கொடுமை இல்லையா என்று நானே கேட்டேன். "ஞாபகந்தாம்மா போச்சு. மனுசன் போகல்ல. எல்லாரும் பொய் சொன்னா அவரு யாரத்தான் நம்புவாரு?" என்றாள்.

அடக்கம் முடிந்த கையோடு, மண் ஈரம் காயுமுன், உபதேசியாரும் கங்காணியும் கூடிப் பேசினார்கள். பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள், கூட்டிப்போகிறோம் என்று சொல்லி யாக்கோபை வண்டியில் ஏற்றி, கொழும்புப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் விட்டுவிடுவதாம். "பேரச் சொல்லிச் சொல்லித்தான் அவ உயிரு போச்சு," என்று பின்னாலிருந்து ஒருத்தி. புருஷன் ஆயுசுதானே குறையும் என்றீர்கள், இப்போது ஏன் கணக்கை மாற்றுகிறீர்கள் என்று திரும்பிக் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. நாலு பேர் முன்னால் நான் பேசுவது அவருக்குப் பிடிக்காது. "வண்டி வேணாங்க. நம்ம பின்னறை சும்மாத்தானே கெடக்கு," என்று அவரிடம் சொன்னேன். அவர் கங்காணியிடம், "யாக்கோபு சாமான எங்க வீட்டுக்கு அனுப்பிருங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

குடமும் பாயும் லயத்து அறையில் இருந்தபடியே எங்கள் பின்னறையில் இருக்கின்றன. விடியலில் என் வீட்டுக்காரரே பேரைக் கூப்பிடுகிறார். அவளைப் புகழ இங்கே வருகிறவர்களை நான் உட்காரச் சொல்வதில்லை. யாக்கோபோடு ஒரு பொழுது இருக்க வருகிறவர்களுக்குப் பாய் போடுவேன். இதுவரை ஒருவரும் வரவில்லை.

மத்தியானம் சோறு வடிக்கும் நேரத்தில்தான் அவர் வந்து, "ஞானம் எங்கம்மா?" என்று கேட்பார். கையைத் துடைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து, "ஞானம் செத்துப் போச்சுங்க. நம்ம எல்லாரும் சேந்துதான் அடக்கம் பண்ணினோம்," என்கிறேன். இன்றைக்குத்தான் கேள்விப்பட்டவர்போல் அழுகிறார். முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். சோறு குழைந்துபோகிறது. போகட்டும்.