சிவப்பு விளக்கோடு குற்றாலம்

வண்டியில் முன்னால் நான், டிரைவர் முத்தையா. பக்கத்தில் எலுமிச்சங்காய் கமிஷன் கடை சண்முகம் அண்ணாச்சி, கார் அவருடையது. பின்னால் அவர் மனைவி காந்தி அக்கா. அக்காவை அடுத்து அண்ணாச்சியின் தம்பி செல்லத்துரை, பட்டாளத்துக்காரர்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குப் புளியங்குடியில் புறப்பட்டோம். தம்பிக்கு லீவு முடிந்தது. தென்காசியில் பதினொன்றே கால் ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்கு ஆஜராக முடியும். போன லீவில் பிந்திப் போய்த் தண்டனை வாங்கியவர்; மறுபடி பிந்தினால் பட்டாளத்து ஜெயில். அருவியில் குளிக்காமல் அனுப்ப மாட்டேன் என்று அக்கா பிடிவாதம். தென்காசி இருபத்திரண்டு மைல், அங்கிருந்து குற்றாலம் மூன்றரை.

கார் உலக யுத்தத்துக்கு முந்திய இங்கிலீஷ் வண்டி. சாவி போட்டால் சிவப்பு விளக்கு எரியும். இஞ்சின் ஓடினதும் அணைய வேண்டும். அணைந்தால் டைனமோ பாட்டரிக்குக் கரண்டு கொடுக்கிறது என்று அர்த்தம். அன்று அணையவில்லை. வேகம் எடுத்தால் மங்கியது. இன்னும் எடுத்தால் மறுபடி எரிந்தது.

எட்டேகாலுக்குக் கடையநல்லூர். காப்பி இரண்டணா. பானெட்டைத் திறந்தேன். பெல்ட் இறுக்கமாக இருந்தது. பாட்டரி ஒயரும் ஆடவில்லை. டூல் பையைத் தேடினேன். இல்லை.

"பூஜையில இருக்குலே. மத்தியானம் சூடம் காட்டித்தான் எடுக்கணும்" என்றார் அண்ணாச்சி.

"அப்போ கார் மட்டும் ஆயுதம் இல்லியா அண்ணே?" என்றார் தம்பி.

"நீ போவணும்னுதான வண்டிய எடுத்தேன். வாய மூடு."

கட்‌அவுட் பெட்டியில் சந்தேகம் வந்தது. டைனமோ கரண்டைப் பாட்டரியோடு சேர்த்துவிடுகிற பெட்டி அது. பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இருந்த மூடியில் கை வைத்தேன்.

"ஏலே, பொட்டு அழியும்! தொடாத. அந்த பல்பைக் கழட்டிரு. எரியாதுல்லா?" என்றார் அண்ணாச்சி.

கழட்டவில்லை. ஓட்டினேன். பானெட்டிலிருந்து சந்தன வாசனை வந்தது. "சாமி கூடவே வருது" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஒன்பதுக்குத் தென்காசி. கோபுரத்தடியில் மாடு மறித்தது. ஹாரன் அடித்தேன். ஆட்டுக்குட்டி மாதிரி சத்தம். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டரி இறங்குகிறது, நேரே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை.

ஒன்பதரைக்குக் குற்றாலம். அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. அவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். நான் குளிக்கவில்லை. விளக்கையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

பத்தரைக்கு செல்ஃப் போட்டேன். டக் என்றது. அவ்வளவுதான். சீட்டடியில் கிடந்த ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். கைதான் வலித்தது. அன்று பார்த்து ஒரு ஜட்கா வண்டியும் அங்கே இல்லை.

தம்பி ஈரத் தலையோடு வந்தார். "அழிஞ்சா அழியட்டும். திறங்க முத்தையாண்ணே."

"லே, வேண்டாம்லே" என்றார் அண்ணாச்சி.

"ஜெயில்ல நீ வந்து இருக்கியா?"

அண்ணாச்சி விலகி நின்றார். அரையணாக் காசை விளிம்பில் பிடித்து மூடித் திருகைக் கழற்றினேன். உள்ளே ஒன்றையொன்று தொட வேண்டிய இரண்டு புள்ளிகள். நடுவில் காய்ந்த சந்தனம். மேலே குங்குமம்.

"இது யாரு வச்சது?" என்றேன்.

"நேத்து நீ துடைக்கையில மூடி திறந்து கிடந்துச்சு. உள்ள இருக்கதுக்கும் வேண்டாமா? வச்சு நானே மூடினேன்" என்றார் அண்ணாச்சி.

"இதுக்கா நான் கன்னத்துல போட்டுக்கிட்டு வந்தேன்?" என்றது அக்கா.

அதே காசால் பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சந்தனத்தைச் சுரண்டி, தீப்பெட்டிப் பட்டையைக் கிழித்துத் தேய்த்தேன். ஒயரை மாட்டினேன். மூவரும் தள்ளினார்கள். தென்காசிப் பக்கம் ரோடு இறக்கம். இரண்டாம் கியரில் இஞ்சின் பிடித்தது. விளக்கு அணைந்தது.

ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. தம்பி ஓடி ஏறினார். பெட்டியை ஜன்னல் வழியாகத் தள்ளினேன். கார்டு கொடி காட்டினார்.

எங்கள் ஊரில் வண்டி ஓட்ட ரோடு தெரிந்தால் மட்டும் போதாது. ரயில் மறைந்ததும் அண்ணாச்சியிடம் கேட்டேன், "இன்னும் எங்கெல்லாம் பொட்டு வச்சிருக்கீங்க?"

"எண்ணியா வச்சேன்?"

ஈரத் துண்டை வாங்கிக்கொண்டு, பானெட்டைத் திறந்து நான் எண்ணினேன்.

பதினேழு.