சின்னவனுக்கு ஒரு சாட்சி

தைத்து முடித்த கையுறை உள்பக்கம் வெளியே தெரியத்தான் மிஷினிலிருந்து இறங்கும். ஒவ்வொரு விரலுக்குள்ளும் மூங்கில் குச்சியை விட்டுத் திருப்ப வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை டெய்சி தைத்தாள். மகள் சோபியா திருப்பினாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

மந்தாரக்குப்பத்தில் ஓர் அறைக் கடை. சுரங்கத்துக்குப் போகும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு டெய்சி தைக்கும் காடாத்துணிக் கையுறை எல்லோருக்கும் பொருந்தும், அவளுடைய வலக்கையைத் தவிர. கட்டைவிரலை ஒட்டி அதில் இன்னொரு கட்டைவிரல். அதற்கு அவள் வைத்த பெயர் சின்னவன்.

"நாங்கல்லாம் காண்ட்ராக்ட்டு. ஒன் சின்னவன் மட்டும் பர்மனென்ட்டாக்கா?" என்பான் ஷிப்ட் முடிந்து வரும் அன்புச்செல்வன்.

"வேல ஒண்ணும் செய்யாம குந்திகினே சம்பளம் வாங்குறான்ல? பர்மனென்ட்டுதான்டா."

அது பொய். வளைவுத் தையலில் துணியை ஊசிக்குத் தள்ளிவிடுவதே சின்னவன்தான்.

கம்மாபுரத்திலிருந்து ஆரோக்கியம்மாள் அத்தை வந்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும்; வலக்கை முந்தானைக்குள் போய்விடும். டெய்சி வயிற்றில் இருந்தபோது அவள் அம்மா கிரகணத்தன்று காய் நறுக்கினாள், அதனால்தான் இந்த விரல் என்று முதலில் சொன்னவள் அந்த அத்தை. சாகும்வரை அந்தப் பழியோடுதான் இருந்தாள் டெய்சியைப் பெற்றவள். "அன்னிக்கு அருவாமணையத் தொடவே இல்லன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்கடி எங்கம்மா" என்பாள் டெய்சி மகளிடம்.

சோபியாவுக்குச் சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கருவில் கை முளைக்கும்போது எங்கே எந்த விரல் என்று செல்களுக்குச் சேதி சொல்லும் ஒரு புரதத்தைத் தேடுகிறாள். அது கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது, முயலின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றிய ஓர் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள். அது போய் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டால், அந்த இடம் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும்.

"அத்தன கூட்டத்துல அது எப்பிடிடி ஆளக் கண்டுபுடிக்கிது? யாரு அடையாளம் சொன்னா?" மிஷினை மிதித்தபடியே கேட்டாள் டெய்சி.

"யாரும் சொல்லலம்மா. அந்த ஒண்ணுலதான் கெட்டியா ஒட்டும். மத்ததுல ஒட்டுனது கழுவுனா போயிடும்."

"அப்ப நாம தைக்கிறதுதான் மட்டம். எவன் கையிலயும் பூந்துக்குது."

சோபியா குச்சியை வைத்துவிட்டு இரண்டு படங்களை எடுத்துக் கொடுத்தாள். கேழ்வரகு மணியளவு எலிக்கருவின் கைமொட்டு. முதல் படத்தில் சுண்டுவிரல் முளைக்கும் ஓரத்தில் மட்டும் பச்சை. இரண்டாவதில் எதிர் ஓரத்திலும் ஒரு துளி.

"இந்த எலிக்கு?"

"கட்டவெரல் பக்கம் ஒரு வெரல் கூட வரும்."

மிஷின் நின்றது. டெய்சி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இதோட ஆத்தா கிரகணத்துல வெளிய வந்துச்சா?"

"ஜன்னலே இல்லாத ரூம்ல வளர்ந்ததும்மா. நெலாவையே பாத்ததில்ல. இது பரம்பரையில வர்ற சின்ன மாத்தம். ஒன் கைய நான் சோதிச்சுப் பாக்கல, ஆனா..."

"எங்கம்மாவும் காய் அரியல" என்றாள் டெய்சி.

சின்னவனை அந்தப் பச்சைத் துளியின் பக்கத்தில் வைத்தாள். விரலை வெகுநேரம் அங்கிருந்து எடுக்கவில்லை. "இத்துனூண்டு வெளிச்சம். இதுவா என்னய இப்பிடிப் பண்ணுச்சு?" பிறகு அந்தக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கம்மாபுரம் போறேன். நீ வர வேணாம். அத்தகிட்ட நானே சொல்லணும்."

படங்களைக் கட்டைப்பைக்குள் வைத்து ஆணியில் மாட்டினாள்.

சனிக்கிழமை காலை டெய்சிக்கு மாரடைப்பு.

சவப்பெட்டிக்காரர் வெள்ளைக் கையுறை கொண்டுவந்தார். இடக்கையில் ஏறியது. வலக்கையில் ஏறவில்லை. தலைமாட்டில் நின்ற அத்தை குனிந்து, "ஊரே பாக்குது. அந்தக் கைய அடியில வெச்சி மூடும்மா" என்றாள்.

சோபியா வலக்கையை எடுத்து இடக்கையின் மேல் வைத்தாள். செபமாலையைச் சின்னவனைச் சுற்றிக் கட்டினாள்.

கம்மாபுரம் போக வேண்டிய பை கடை ஆணியில் தொங்கியது.