மொட்டைக் காருக்கு அட்சதை

எங்கள் சித்தப்பாவுக்குப் பழைய கார் பைத்தியம். ஜப்பான்காரன் மலாய் நாட்டுக்குள் வந்தபோது வெள்ளைக்காரத் துரைமார்கள் போட்டுவிட்டு ஓடிய கார்களை லாலான் புல்லுக்குள் தேடிப் பிடித்து, மாட்டு வண்டியில் ஏற்றியாவது எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஆலை இயந்திரங்களைப் பார்க்கிற வேலை அவருக்கு. சேர்த்த மூன்று கார்களையும் பிரித்து ஒன்றாக்கினார். கூரையை அறுத்தார், மட்காடுகளைக் கழற்றினார், பழைய லோரியின் எஞ்சினை உள்ளே இறக்கினார். பாரம் குறைந்தால்தான் பறக்குமாம். நாங்கள் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர் வைத்தோம். கிளப்பினால் லயத்துக் கோழிகள் எல்லாம் கூரைமேல் ஏறிவிடும்.

எனக்கு வயது எட்டு. அந்தக் காரைக் கண்டாலே பயம். முதல் ஓட்டத்திலேயே அது மரத்தில் மோதி, சித்தப்பாவின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்ததைப் பார்த்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் டாவாய்க்கு ஓட்டிப்போகிறேன், நீயும் வா, கடல் காட்டுகிறேன் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் செத்துப்போவார் என்று நிச்சயமாக நம்பினேன். கூட உட்காரப்போகிற நானும் செத்துப்போகலாம் என்பது ஏனோ தோன்றவில்லை.

அது அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று அரிசியை வேலிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் ஆளைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பால்மரம் சீவப் போகிற அம்மாவே சோறு கட்டிக்கொள்ள முடியாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

புறப்படுகிற அன்று காலையில் அம்மா காருக்குப் பூசை போட்டாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். மஞ்சள் கலந்த அரிசியைத் தூவி, "அட்சதை போட்டாச்சு, இனி ஒண்ணும் ஆவாது" என்றாள். தூவியது நாலே நாலு மணி. ரேஷன் அரிசி, அதற்குமேல் அவளுக்கு மனசு வரவில்லை. லோரி எஞ்சினுக்கு நாலு மணி எப்படிப் போதும்? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பால் டின்னால் இரண்டு டின் அரிசி அள்ளினேன். மஞ்சள்பொடி போட்டுப் பிசறினேன். துணியில் கட்டி, என் சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து இறுக்கி முடிந்து, சித்தப்பாவின் சீட்டுக்கடியில் திணித்தேன். வாசலில் பிடிப்பார்களே என்று நினைக்கவே இல்லை. மஞ்சள் பட்டுவிட்டால் அது அரிசி இல்லை, அட்சதை. சாமி பொருளை யார் கேட்கப்போகிறார்கள்?

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிவந்த சித்தப்பா வேலி வாசலில் காரை நிறுத்தினார். அங்கே துப்பாக்கியோடு மூன்று காவலர்கள். இரண்டு பேர் காரைச் சுற்றி வந்து சிரித்தார்கள். மூன்றாமவர் குனிந்து சீட்டுக்கடியில் பார்த்தார். அதை எடு என்று மலாயில் அதட்டினார்.

சித்தப்பா மூட்டையை எடுத்தார். ரிப்பனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ஒரே ஒரு தரம். அவர் நிதானமாக ரிப்பனை அவிழ்த்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு, அப்புறம்தான் துணியை விரித்தார்.

"பெராஸ்!" என்று காவலர் கத்தினார். அரிசி. "சியாப்பா பூஞா?" என்றார். யாருடையது?

"சாயா பூஞா, துவான்." என்னுடையதுதான் ஐயா என்றார் சித்தப்பா.

என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். துப்பாக்கி என் முகத்துக்கு நேராக இருந்தது, மூடிக்கொண்டேன். அவரை இறக்கிக் கையைக் கட்டினார்கள்.

"நீ வீட்டுக்கு ஓடு லா, பாப்பா. யார் கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு" என்றார்.

அவர் திரும்பி வர இரண்டு வருஷம் ஆனது. மொட்டைக் கார் வாசலோரத்திலேயே துருப்பிடித்துப்போனது. வீட்டு ரேஷன் அரிசியில் கைவைத்துக் காட்டுக்கு அரிசி கடத்தினார், அதுவும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடத்தினார் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். அவர் முகம் பார்த்து அவள் பேசவில்லை. அவர் மறுக்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை.

அன்று நான் வீட்டுக்கு ஓடிவந்து தேம்பித் தேம்பி அழுதேன். சித்தப்பாவுக்காக அழுகிறேன் என்று அம்மா கட்டிக்கொண்டாள். அவர் சாயங்காலம் வந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தீபாவளிக்கு வாங்கிய ஒரே ரிப்பன், செய்த குறும்புக்குத் தண்டனையாக அதைப் பிடுங்கிக்கொண்டாரே என்று அவர்மேல் எனக்கு ஆத்திரம். இருட்டும்வரை அதற்காகத்தான் அழுதேன்.